மோனாலிசாவைச் சுருட்டி எடுத்துப் போக முடியாது: திருட்டு நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து மியூசியத்தில் ஓவியம் திருடுவது இளையோர் நாவல்களில் இப்போது தனி வகையாகவே ஆகிவிட்டது. அப்படி ஒன்றை எழுத உட்கார்ந்திருப்பவர்களும், படித்துவிட்டுச் சந்தேகம் வந்தவர்களும் கேட்டவை இவை. கலைத் திருட்டு வழக்குகளை ரொம்ப நாளாக விடாமல் படிக்கிறவள் என்பதுதான் என் தகுதி. போலீசும் இல்லை, திருடியும் இல்லை.

அக்கா, சின்னப் பசங்க நிஜமாவே மியூசியத்துல திருடியிருக்காங்களா, இல்ல எல்லாம் கதைக்காகத்தானா? (கல்லூரி மாணவர், மதுரை)

நாவல் பாத்திரங்களின் வயதோடு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள் தம்பி, நிஜத்தில் நிறையவே கிடைக்கும். பெர்லின் போடே மியூசியத்தில் 2017 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 100 கிலோ எடையுள்ள கனடா நாட்டுத் தங்க நாணயம். விடிவதற்கு முன் ரயில் பாதை வழியாக வந்து, ஏணி போட்டு ஜன்னலில் ஏறி, அதைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே தகவல் கொடுத்தவன் அங்கே புதிதாகக் காவலாளி வேலைக்குச் சேர்ந்தவன். திருடியவர்களில் ஒருவனுக்குப் பள்ளித் தோழன். 2020இல் தண்டனை கொடுத்தபோது நீதிமன்றம் இளையோருக்கான சட்டத்தைத்தான் பயன்படுத்தியது. ஜெர்மனியில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அப்படிச் செய்ய இடமுண்டு. நாணயம் திரும்பக் கிடைக்கவேயில்லை, உருக்கியிருப்பார்கள் என்றே கருதப்படுகிறது.

எனக்குப் பிடித்த வழக்கு இன்னும் பழையது. 1961 ஆகஸ்ட் 21, லண்டன் நேஷனல் கேலரி. ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் ஓவியம். ஒரு அமெரிக்கர் வாங்கிவிடாமல் தடுக்க 1,40,000 பவுண்டு திரட்டி, அப்போதுதான் மாட்டியிருந்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, காணோம். 1965இல் நியூகாசிலைச் சேர்ந்த கெம்ப்டன் பண்டன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தானே வந்து சரணடைந்தார். ஏழை முதியவர்கள் டிவி பார்ப்பதற்கான லைசென்ஸ் கட்டணம் கட்டக் கஷ்டப்படுகிறார்கள், அதற்குப் பணம் திரட்டத்தான் எடுத்தேன் என்றார். ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், திரும்பி வராத ஃபிரேமைத் திருடியதற்கு மட்டும் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மூன்று மாதம் சிறை. இந்தத் தீர்ப்பின் சங்கடத்தில்தான் பிரிட்டன் 1968இல் திருட்டுச் சட்டத்தையே மாற்றி எழுதி, பொதுக் காட்சியிலிருந்து பொருளை எடுத்துப் போவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது.

ஆனால் எடுத்தது அப்பா இல்லை. 1969இல் மகன் ஜான் போலீசில் ஒப்புக்கொண்டான். கழிவறை ஜன்னல் வழியாக ஏறி இறங்கியது அவன்தான், அப்போது அவனுக்கு வயது இருபது. அப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆவணம் வெளியே வந்தது 2012இல்தான். திட்டம், ஏணி, கயிறு எல்லாம் இரண்டாம்பட்சம். அந்த வீட்டில் அப்பனும் மகனும் நாலு வருஷம் எப்படிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள் என்று யோசியுங்கள். நாவல் அங்கே இருக்கிறது.

சிவப்பு லேசர் கதிர்களுக்கு நடுவுல வளைஞ்சு நெளிஞ்சு போற காட்சி வைக்கலாமா?

வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கைக் கதிரால் யாருக்கு லாபம்? காட்சிக் கூடங்களில் இருப்பது உடல் வெப்பம் அசைந்தால் உணரும் சென்சார், ஃபிரேமையோ கண்ணாடிப் பெட்டியையோ தொட்டால் அதிர்வை உணரும் சென்சார், கேமரா. இவற்றை ஏமாற்ற யாரும் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்வதில்லை. அலாரம் அடிக்கட்டும், போலீஸ் வருவதற்குள் போய்விடலாம் என்பதுதான் நிஜத் திட்டம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், பச்சைப் பெட்டகம் என்ற அரச நகை மியூசியத்தில் 2019 நவம்பரில் புகுந்தவர்கள் கோடரியால் கண்ணாடியை வெட்டினார்கள். காவலர்கள் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயுதமில்லாதவர்கள், விதிப்படி போலீசைக் கூப்பிட்டார்கள். பாரிஸ் லூவர் மியூசியத்தில் 2025 அக்டோபர் 19 அன்று நடந்ததோ ஞாயிற்றுக்கிழமைக் காலை, மியூசியம் திறந்திருந்த நேரம். தளவாடங்களை மாடிக்கு ஏற்றும் வண்டியைப் பால்கனிக்குக் கீழே நிறுத்தி ஏறி, எட்டு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். போன நகைகளின் மதிப்பு 8.8 கோடி யூரோ. அவசரத்தில் ஒரு பேரரசியின் கிரீடத்தைத் தெருவில் தவறவிட்டுப் போனார்கள். அந்தத் தவறவிடுதலை எழுதுங்கள், லேசரை விடுங்கள்.

என் கதாநாயகி மோனாலிசாவை பிளேடால் அறுத்து, சுருட்டி, யோகா பாய்க்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போறா. சரியா வருமா மேம்? (பிளஸ் டூ மாணவி, சேலம்)

யோகா பாய் நல்ல யோசனைமா, ஓவியம்தான் தப்பு. மோனாலிசா துணியில் வரைந்ததில்லை. பாப்லர் மரப் பலகை, உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53. சுருட்டினால் உன் கதாநாயகிக்குக் கிடைப்பது விறகு.

1911 ஆகஸ்ட் 21 அன்று அதை எடுத்த வின்சென்சோ பெருஜியா, அது இருந்த அதே லூவர் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி பொருத்தும் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை, பார்வையாளருக்கு விடுமுறை. ஊழியர்கள் போடும் வெள்ளை மேலங்கி போட்டிருந்தார். ஃபிரேமையும் கண்ணாடியையும் மாடிப்படியில் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையை மட்டும் கொண்டு போனார். காணவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது. அதையும் கவனித்தது மியூசியத்துக்காரர்கள் இல்லை, அந்தக் கூடத்தை வரைய வந்த ஒரு ஓவியர். ஓவியத்தைப் புகைப்படம் எடுக்கக் கொண்டு போயிருப்பார்கள் என்று காவலர்கள் முதலில் நினைத்தார்களாம். (கவனி: ஆகஸ்ட் 21. கோயா ஓவியம் போனதும் சரியாக ஐம்பது வருஷம் கழித்து அதே தேதியில். நாவலில் வைத்தால் எடிட்டர் நம்ப மாட்டார்.)

கேன்வாஸ் ஓவியத்துக்கும் ஒரு வார்த்தை. பழைய எண்ணெய் வண்ணம் காய்ந்து இறுகிப் போயிருக்கும், வளைத்தால் வெடித்து உதிரும். வேறு வழியில்லாமல் சுருட்டத்தான் வேண்டும் என்றால், விவரம் தெரிந்தவர்கள் அகலமான குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றுவார்கள். உன் குழுவில் ஒருத்திக்கு இது தெரிந்து, மற்றவனுக்குத் தெரியாமல் இருந்தால் ஒரு நல்ல சண்டைக்காட்சி கிடைக்கும். பாஸ்டன் கார்ட்னர் மியூசியத்தில் 1990 மார்ச் 18 அதிகாலை போலீஸ் உடுப்பில் வந்த இருவர் ரெம்பிராண்டின் ஒரே கடல் காட்சி ஓவியத்தை பிளேடால்தான் அறுத்தெடுத்தார்கள். 81 நிமிஷம் உள்ளே இருந்து 13 பொருள்கள் எடுத்தும், ஓவியத்தை மதிக்கத் தெரியாத கைகள் என்பது அந்த அறுப்பிலேயே தெரிகிறது. காலி ஃபிரேம்கள் இன்றும் அதே சுவரில் தொங்குகின்றன. நிறுவிய அம்மாள் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருக்கிறார்.

திருடினப்புறம் யாருக்கு விப்பாங்க? ரகசியக் கோடீஸ்வரன் ஒருத்தன் பாதாள அறையில மாட்டி வெச்சு ரசிப்பான்னு எழுதியிருக்கேன். (ஐடி ஊழியர், சென்னை)

அந்தக் கோடீஸ்வரன் சினிமாவில்தான் வாழ்கிறார். பிரபலமான ஓவியத்தை வாங்க ஆள் கிடையாது. இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் 50,000க்கும் மேல் பதிவுகள் உண்டு. 2021இலிருந்து யார் வேண்டுமானாலும் கைபேசியில் தேடிப் பார்க்கலாம். ஏல நிறுவனங்கள் பட்டியலைச் சரிபார்க்காமல் பொருளை எடுப்பதில்லை. பெருஜியா மோனாலிசாவைப் பாரிஸ் வாடகை அறையில் இரண்டு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்திருந்துவிட்டு, 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸ் நகர வியாபாரி ஒருவரிடம் கொண்டு போனார். வியாபாரி மியூசியம் இயக்குநரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார், அடுத்தது போலீஸ்.

ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்தின் கதை இதைவிடப் பாடம். 2002 டிசம்பரில் ஏணி போட்டுக் கூரை வழியாக இறங்கியவர்கள் இரண்டு சிறிய ஓவியங்களை எடுத்தார்கள். கைக்கு எட்டியவை, அவ்வளவுதான். அங்கே விட்டுப் போன தொப்பியில் கிடைத்த மரபணுவால் மாட்டினார்கள். ஓவியங்கள் நேபிள்ஸ் பக்கத்துப் போதைப்பொருள் கடத்தல்காரர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. 2016இல் இத்தாலியப் போலீஸ் மீட்டபோது கடற்கரை ஓவியத்தின் ஒரு மூலை உடைந்திருந்தது. டிரெஸ்டன் நகைகளில் பெரும்பகுதி திரும்பி வந்ததும் 2022இல் தண்டனையைக் குறைக்கும் பேரத்தில்தான். விற்க முடியாத பொருளுக்கு இருக்கும் ஒரே மதிப்பு, என்றாவது மாட்டும்போது பேரம் பேச உதவும் என்பது.

அதனால் உங்கள் கதையில் திருட்டை மூன்றாம் அத்தியாயத்திலேயே முடித்துவிடுங்கள். மிச்சம் இருபது அத்தியாயம், கட்டிலுக்கு அடியில் ஒரு வெர்மீர் ஓவியம் இருக்கும்போது தேர்வுக்குப் படிப்பது எப்படி என்பதற்கு வேண்டும்.

போலியை வரைஞ்சு மாட்டிட்டு அசலை எடுத்துட்டுப் போறது?

கதையில் தாராளமாகச் செய்யலாம், கண்டுபிடிக்கும் விதத்தை மட்டும் சரியாக எழுதுங்கள். வோல்ஃப்காங் பெல்ட்ராச்சி என்ற ஜெர்மானியர் பல பத்தாண்டுகள் போலி வரைந்து சந்தையை ஏமாற்றினார். 1914இல் வரைந்ததாகச் சொன்ன படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்த வண்ணம் ஓவியர்கள் கைக்கு வந்தது 1920களை ஒட்டித்தான். 2011இல் ஆறு வருஷம் சிறை. வண்ணக் குழாயின் மேல் அச்சிட்டிருந்த சேர்க்கையை நம்பியதால் வந்த வினை.

திருடினவங்க நல்லவங்க, காலனி ஆதிக்கக்காரங்க கொள்ளையடிச்சதைத் திரும்ப எடுக்கறாங்கன்னு வெச்சா ஏத்துக்குவாங்களா? (எழுத்தாளர், யாழ்ப்பாணம்)

வாசகர் உடனே ஏற்பார், அதுதான் ஆபத்து. 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் கோடை அரண்மனையைச் சூறையாடி எரித்தன. அங்கிருந்த நீரூற்றின் பன்னிரண்டு விலங்குத் தலைகளைச் சீனா இன்றும் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறது. 2010இல் ஸ்டாக்ஹோம் அருகே ட்ரோட்னிங்ஹோம் சீன மண்டபத்தில், வேறிடத்தில் கார்களுக்குத் தீ வைத்துப் போலீசைத் திசை திருப்பிவிட்டுத் திருடினார்கள். 2015இல் பிரான்ஸின் ஃபோன்டேன்புளோ அரண்மனைச் சீனக் கூடத்திலிருந்து ஏழு நிமிஷத்தில் பொருள்கள் போயின. தேசபக்தியா, வெறும் சந்தை விலையா என்று நிரூபணம் எதுவும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்குள்ளும் அந்தச் சந்தேகம் ஓடட்டும். ஒருத்தி நியாயத்துக்காக வந்திருப்பாள், ஒருவன் கல்விக் கடனுக்காக. இருவரும் ஒரே பொருளைத் தூக்குகிறார்கள்.

கதையை நம்ம ஊர்ல வெச்சா என்ன திருடறது? இங்க பெரிய ஓவிய மியூசியம் எதுவும் இல்லையே. (கும்பகோணம்)

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராஜர் 2006 வாக்கில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து போனார். ஊருக்குத் தெரிந்தது 2008இல். அதே 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் டாலர் அளவில் கொடுத்து அந்த நடராஜரை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. திரும்பி வந்தது 2014 செப்டம்பரில். கபூருக்கு 2022இல் உங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் பத்து வருஷம் தண்டனை கிடைத்தது, வேறொரு கோயில் வழக்கில்.

இங்கே பிள்ளைகளைத் திருடர்களாக வைப்பதைவிடத் துப்பறிகிறவர்களாக வைத்தால் கதை தானாக ஓடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாக எடுத்து வைத்த புகைப்படங்கள்தான் பல சிலைகளுக்கு ஆதாரம். பழைய படத்தையும் வெளிநாட்டு ஏலப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, வார்ப்பில் இருக்கும் ஒரு சின்னக் குறை, ஒடிந்த ஒரு தீச்சுடர் என்று பொருத்திப் பார்ப்பது தன்னார்வலர்கள் நிஜமாகவே செய்யும் வேலை. லேப்டாப் போதும், பதினாறு வயது போதும்.

இதெல்லாம் படிச்சா பசங்க கெட்டுப் போக மாட்டாங்களா? நான் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை, வாங்கி வைக்கலாமான்னு யோசிக்கிறேன்.

வாங்கி வையுங்கள் டீச்சர், ஆனால் அம்மாக்கள் வராத திருட்டு நாவலாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 2012இல் ராட்டர்டாம் குன்ஸ்தால் மியூசியத்தில் பிக்காசோ, மோனே, மத்தீஸ் உள்பட ஏழு படங்களை ருமேனியாவைச் சேர்ந்த இளைஞர்கள் சில நிமிஷங்களில் எடுத்தார்கள். மகன் மாட்டியதும் அம்மா அவற்றை அடுப்பில் போட்டு எரித்ததாகச் சொன்னார், பிறகு மறுத்தார். சாம்பலைச் சோதித்தபோது பழைய வண்ணங்களும் கேன்வாஸ் ஆணிகளும் இருந்தன. ஸ்டெஃபான் பிரைட்வீசர் என்ற பிரெஞ்சுக்காரர் இருபதுகளில் தொடங்கி, காதலியைக் காவலுக்கு நிறுத்தி, ஐரோப்பாவின் சிறு மியூசியங்களில் 200க்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்தார். எதையும் விற்கவில்லை, அம்மா வீட்டு மாடியில் குவித்து ரசித்தார். 2001இல் அவர் பிடிபட்ட செய்தி வந்ததும் அம்மா பலவற்றைக் கால்வாயில் எறிந்தார், ஓவியங்களை அழித்தார். மகனைக் காப்பாற்றவா, மகன் மேல் வந்த ஆத்திரமா? வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

கடைசிக் கேள்வி. என் பாத்திரத்துக்குப் பதினேழு வயசு, கோயில் சிலையோட பிடிபடறான். ஜெயில்தானே?

இல்லை. 18 நிறையாததால் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போவான். 16 வயதுக்கு மேல் என்றால் பெரியவர்போல விசாரிக்கலாமே என்பீர்கள். அது குறைந்தபட்சமே ஏழு வருஷம் தண்டனை உள்ள கொடுங்குற்றங்களுக்கு. வழிபாட்டுத் தலத்தின் சிலையைத் திருடுவதற்கு இப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதிகபட்சம்தான் ஏழு வருஷம். ஆகவே பையன் வாரியத்திலேயே நிற்பான், கூட்டாளிக்குப் பத்தொன்பது வயது என்றால் அவன் வேறு நீதிமன்றத்தில் நிற்பான். இருவரையும் ஒரே கூண்டில் ஏற்றிக் காட்சி எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள்.