பால், சோறு, குப்பை வாளி: சாப்பாடும் சுற்றுச்சூழலும் பற்றிச் சில கேள்விகள்

நீங்கள் அனுப்பியதில் ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் வேளாண்மை படித்தவள், அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன், பால்கனியில் பானை வைத்து உரம் தயாரிக்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி எடுப்போம். அதையும் விடணுமா?

விட வேண்டாம். எந்தக் கறி, எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள், தின்ற தீவனம் வயிற்றில் புளிக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அது அதே எடைக் கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு பூமியைச் சூடேற்றும். கோழிக்கு அந்த மாதிரி வயிறு கிடையாது. 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் விவரத்தை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் பூமியைச் சூடேற்றும் வாயுக்களை வெளியிடுவதில் மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் உச்சியில், பருப்பும் பயறும் அடியில். அதனால் மாதத்தில் நாலு ஞாயிறும் மட்டன் என்றால் இரண்டைக் கோழியாகவோ முட்டைக் குழம்பாகவோ மாற்றினாலே நல்ல வித்தியாசம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு இதில் வேலை இல்லை, சரிதானே?

இருக்கிறதே! பாலும் அதே மாட்டிடம் இருந்துதான் வருகிறது. ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும், நெய்க்கு அதைவிடப் பல மடங்கு. காலைக் காபியில் நான் கைவைக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் வாரம் மூன்று நாள் பன்னீர் செய்கிற வீடுகளில் ஒரு நாள் சுண்டலோ தட்டைப்பயறுக் குழம்போ வைக்கலாம். புரதமும் கிடைக்கும், செலவும் குறையும்.

கேள்வி: நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வருகிறதாமே, சோறு சாப்பிடுவதே தப்பா?

தப்பில்லை. வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது, அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடும். அதற்கு நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வழியே இருக்கிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்துவிட்டு, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும், மீத்தேன் பாதி வரைகூடக் குறையும். அது விவசாயி கையில் இருப்பது. நம் கையில் இருப்பது, வாரம் இரண்டு வேளை சாமையோ வரகோ குதிரைவாலியோ பொங்குவது. இவை மானாவாரிப் பயிர்கள், தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டியதே இல்லை.

கேள்வி: ஒரே ஒரு விஷயம்தான் மாற்ற முடியும் என்றால் எதை மாற்றுவீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், குப்பை வாளி. 2022இல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொன்னது, அதில் 60 சதவீதம் ஹோட்டலிலோ கடையிலோ இல்லை, வீடுகளில். நம் சோற்றுக்காக வயல் விட்ட மீத்தேன் ஏற்கெனவே காற்றில் கலந்தாயிற்று, அந்தச் சோற்றைக் கொட்டினால் அது சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரிக் குப்பைக் கிடங்குகளில் காற்றுப் படாமல் புதைந்து இன்னொரு தடவை மீத்தேன் விடுகிறது.

நான் ஒரு வாரம் எங்கள் வீட்டு வாளியை எடைபோட்டுப் பார்த்தேன். காய்கறித் தோல்தான் நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். தோல் இருந்தது, ஆனால் கனமாக இருந்ததெல்லாம் வேறு: இரண்டு நாள் சாம்பார், பொங்கிப் புளித்துப்போன அரைப் பாத்திரம் இட்லி மாவு, பிரிட்ஜ் மூலையில் அழுகிய கீரைக் கட்டு. வாங்கும்போதும் வடிக்கும்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டதுதான் அத்தனையும். அப்புறம் உலையில் அரை ஆழாக்கு குறைத்தேன், புளித்த மாவைப் பணியாரமாக்கினேன், மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினேன்.

தோலையும் காம்பையும் உரமாக்கலாம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட மண்பானை, ஒரு கை கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு, முதல் தடவை மட்டும் கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டிக் கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கருகருவென்று, மழை பெய்த மண் வாசனையோடு உதிரும்.

கேள்வி: வீட்டில் பதினைந்து துணிப்பை சேர்ந்துவிட்டது. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லதுதானே அண்ணி?

நல்லதுதான், ஆனால் இனி ஒன்றுகூட வாங்காதீர்கள். பருத்திக்குத் தண்ணீரும் உரமும் ஏராளமாகச் செலவாகிறது. டென்மார்க் அரசு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, பருவநிலையை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பையை வெல்லும். மஞ்சப்பை ஒன்றை வண்டிப் பெட்டியில் மடித்து வையுங்கள், கிழிந்தால் தையுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மகள் கல்யாணம், அறுநூறு பேர் வருவார்கள். என்ன செய்யலாம் மேடம்?

வாழ்த்துகள் சார். சமையல்காரரிடம் வகைகளைக் குறைக்கச் சொல்லுங்கள், பந்தியில் இனிப்பையும் சோற்றையும் முதலில் பாதி அளவு வைத்து, கேட்டுக் கேட்டு மறுபடி பரிமாறச் சொல்லுங்கள். இலையில் மீதியாவதில் பெரும்பகுதி கேட்காமல் வைத்ததுதான். குட்டித் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் டம்ளர். மீந்ததை எடுத்துக்கொள்ளும் இல்லம் எது என்று முதல் நாளே பேசி, மூடி போட்ட பாத்திரமும் ஒரு வண்டியும் ஏற்பாடு செய்துவிடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.