இடைவெளி சுழியாகவில்லை, டோபாலஜி மாறியதா?

கேள்வி: டர்பனில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், சார். பிஸ்மத் டெல்லூரியம் அயோடைடின் ஆற்றல் பட்டைகள் அழுத்தத்தில் எப்படி மாறுகின்றன என்று கேப் டவுனின் லெங்காவு மீத்திறன் கணினியில் கணக்கிட்டேன். 3 ஜிகாபாஸ்கல் பக்கத்தில் பட்டை இடைவெளி சுருங்கி, பிறகு விரிகிறது. சுழியைத் தொடவே இல்லை. சாதாரணக் காப்பான் டோபாலஜிக்கல் காப்பானாக (உள்ளே மின்காப்பு, மேற்பரப்பில் மின்கடத்தல்) மாறியது என்று எழுதலாமா?

நடந்திருக்கும். ஆனால் இந்தப் படத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள், தம்பி.

இது அடுக்கடுக்கான படிகம். அழுத்தினால் அடுக்குகளுக்கு நடுவே தளர்ந்து கிடக்கும் இடம்தான் முதலில் இறுகும். ஆர்பிட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று கூடுதலாகக் கவியும், பட்டைகள் அகலமாகும். மேல்பட்டையின் அடியில் பிஸ்மத்தின் பி ஆர்பிட்டல், கீழ்ப்பட்டையின் உச்சியில் டெல்லூரியம், அயோடினுடையவை. இரண்டும் தொட்டு, இடம் மாறி, மறுபடி விலகினால் டோபாலஜிக்கல் காப்பான். இதில் எலெக்ட்ரானின் ஸ்பின்னையும் அதன் இயக்கத்தையும் இணைக்கும் ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பு இல்லாமல் ஒன்றும் ஆகாது. அது இல்லாத சூடோபொட்டென்ஷியலை (அணுவின் உள் எலெக்ட்ரான்களுக்குப் பதிலாக வைக்கும் எளிய விசைப்புலம்) எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் விழித்திருக்கிறேன்.

சரி, சுழி ஏன் வரவில்லை? இந்தப் படிகத்துக்குத் தலைகீழ்ச் சமச்சீர் கிடையாது, அதாவது ஒரு மையத்தின் வழியே புரட்டினால் அதே அமைப்பு வராது. ராஷ்பா விளைவு (ஸ்பின்னைப் பொறுத்துப் பட்டை இரண்டாகப் பிரிவது) பட்டை விளிம்புகளை, உந்த வெளியில் ஏ என்று பெயரிட்ட புள்ளியிலிருந்து தள்ளி வைக்கிறது. எனவே அவை தொடும் இடம் ஏ–எச் கோட்டில், ஏ-யிலிருந்து சற்று விலகியது. நீங்கள் கணக்கிட எடுத்த உந்தப் புள்ளிகள் (கே-புள்ளிகள்) அதைத் தாண்டிக் குதித்திருக்கும். இன்னொன்று: தலைகீழ்ச் சமச்சீர் இல்லாத பொருளில் இடைவெளி ஒரே அழுத்தத்தில் மூடித் திறப்பதில்லை என்று 2007-லேயே முராகாமி காட்டினார். நடுவில் ஒரு குறுகிய வெய்ல் நிலை வரும், அதில் பட்டைகள் வெய்ல் புள்ளிகள் எனும் தனிப் புள்ளிகளில் மட்டும் தொடும். வெய்ல் புள்ளிகள் தோன்றி, கோட்டை விட்டு நகர்ந்து, பிறகு ஒன்றையொன்று அழிக்கும். உங்கள் படி 1 ஜிகாபாஸ்கல் என்றால் அது அகப்படாது. 0.1 வையுங்கள், ஏ-யைச் சுற்றி நெருக்கமாகத் தேடுங்கள்.

அப்புறம் இசட்2 எண், அதாவது காப்பான் டோபாலஜிக்கலா இல்லையா என்று சொல்லும் எண். ஃபூ–கேன் சமநிலை முறைக்குத் தலைகீழ்ச் சமச்சீர் வேண்டும், இங்கே செல்லாது. வானியர் மின்னூட்ட மையங்கள் (எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் சராசரி இடங்கள்) எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். ஏ புள்ளி இருக்கும் மேல்தளத்தில் மட்டும் எண் மாறி, நடுவிலுள்ள காமா தளத்தில் மாறாமல் இருந்தால் உங்கள் வாதம் நிலைக்கும்.

அழுத்தத்தின் அளவில் கவனம். பிபிஇ எனும் வழக்கமான தோராய முறை இடைவெளியைக் குறைத்துக் காட்டும், மாற்றம் சீக்கிரம் வந்துவிடும். அடுக்குகளை ஈர்த்துப் பிடிக்கும் மெல்லிய விசைக்கான வான் டெர் வால்ஸ் திருத்தம் இல்லாவிட்டால் அடுக்குகள் விலகி நிற்கும், மாற்றம் தாமதமாகும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, 'சரியான' விடை தவறான வழியில் வரும். இடைவெளியை இன்னும் துல்லியமாகத் தரும் எச்எஸ்இ முறையில் ஒரு தடவை சரிபாருங்கள்.

தேர்வாளர் கேட்பார்: பட்டையை நேரில் பார்க்க முடியாதா? முடியாது. ஒளிமின்னணு நிறமாலைக்கு எலெக்ட்ரான் வெளியே வர வேண்டும். வைர அழுத்தக் கலத்தில் வைரமே அதை விழுங்கிவிடும். அகச்சிவப்பு ஒளி உள்ளே போய்த் திரும்பும். அப்படி அளந்தவர்களில் சிலருக்கு 2 முதல் 3 ஜிகாபாஸ்கலுக்குள் மாற்றத்தின் அடையாளம் கிடைத்திருக்கிறது.

வரைபடத்தை 12 வரை நீட்டியிருந்தால் 8-லேயே வெட்டிவிடுங்கள். அதற்கு அப்பால் படிகமே வேறு அமைப்புக்கு மாறிவிடுகிறது.