மானைத் தேடி நடப்பதும் பறக்கும் தட்டைச் சுடுவதும்: கேட்டவை, சொன்னவை

இங்கிலாந்தில் வேலை பார்த்த பதினெட்டு வருடமும், சனிக்கிழமை காலை என்றால் நான் கிளே என்ற பறக்கும் தட்டைச் சுடும் மைதானத்தில்தான் இருப்பேன். வருடம் ஒருமுறை ஸ்கொட்லாந்து மலைகளில் மான் தேடி நடப்பேன். இப்போது கொழும்பில் வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டேன். தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் பற்றி நிறையக் கேட்டிருந்தார்கள். கேட்டவரின் இடத்தைப் போட்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரு மானைச் சுடுவதில் என்ன சந்தோஷம்? பாவமாக இல்லையா?

பாவமாகத்தான் இருக்கும், தம்பி. அந்த உணர்வு இல்லாதவர் அந்த மலைக்கு வரவே கூடாது என்று நினைப்பவன் நான். சந்தோஷம் சுடுவதில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் ஆறு ஏழு மணி நேரத்தில் இருக்கிறது. விடியும் முன்பே மலையடிவாரம், கையில் பைனாகுலர், கூடவே அந்த மலையைத் தன் வீட்டு முற்றம் போலத் தெரிந்த ஒரு வழிகாட்டி. எதிர்ச் சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே இருப்போம். திடீரென்று, பாறை என்று நினைத்த ஒன்று காதை ஆட்டும். அந்த நொடிக்காகவே போகலாம்.

சுட வேண்டிய தேவையும் அங்கே இருக்கிறது. ஓநாயும் லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் பிரித்தானியாவில் அழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. செம்மானை வேட்டையாட மனிதனை விட்டால் வேறு விலங்கு இல்லை. எண்ணிக்கை கூடினால் இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்த்துவிடும், காடு மறுபடி முளைக்காது. கடும் குளிர்காலத்தில் பட்டினியால் சாவதும் நடக்கும். சுட்ட மானின் இறைச்சி வீணாவதில்லை, உணவுக்குப் போகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாவது வருடம் ஒரு பிணைமானை அவசரப்பட்டுச் சுட்டேன். சன்னம் தோளுக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் படவில்லை. அது ஓடிவிட்டது. வழிகாட்டியின் நாயோடு இரண்டு மணி நேரம் மழையில் தேடித்தான் கண்டுபிடித்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு, நூறு மீட்டருக்கு மேல் என்றால் அநேகமாகச் சுடாமல் திரும்பிவிடுவேன்.

பம்பலப்பிட்டி: மானுக்கு அவ்வளவு கிட்டே எப்படிப் போகிறீர்கள்?

மூக்கை ஏமாற்ற வேண்டும். மானின் கண்ணை ஏமாற்றலாம், அசையாமல் படுத்தால் போதும். காதையும் ஓரளவு ஏமாற்றலாம். மூக்கை மட்டும் முடியாது. ஆகவே காற்று நம் முகத்தில் படும்படியாகவே எப்போதும் நகர வேண்டும். மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிர்ந்த காலையில் காற்று சரிவில் கீழே வழியும், வெயில் ஏறியதும் மேலே எழும்பும். ஒன்பது மணிக்குச் சரியாக இருந்த பாதை பதினொரு மணிக்கு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். சில நேரம் கால் மைல் தூரத்தைக் கடக்க, இரண்டு மைல் சுற்றி ஓடைக்குள் தவழ்ந்து போயிருக்கிறோம். கடைசியில் மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். பாதி நாட்கள் அப்படித்தான் முடிந்தன, அவையும் எனக்கு நல்ல நாட்கள்தான்.

இன்னொன்று: மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். வானம் தெரிந்தால் சுடக்கூடாது. ரைபிள் சன்னம் மைல் கணக்கில் போகும்.

கொட்டாஞ்சேனை: இலங்கையில் மான் சுட லைசன்ஸ் எடுக்கலாமா?

முடியாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் மானையும் மரையையும் (கடமான்) காக்கின்றன. அது சரியும்கூட. இங்கே சிறுத்தை இருக்கிறது, மான் தொகையை அது பார்த்துக்கொள்ளும். ஸ்கொட்லாந்தின் நியாயம் இங்கே பொருந்தாது.

ஆனால் தேடி நடக்கும் கலையை இங்கேயே பழகலாம். ஹோட்டன் சமவெளியில் விடிகாலையில் மரைகள் புல்வெளிக்கு வரும். பாதையை விட்டு இறங்காமல், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கவனித்து நின்று பாருங்கள். துவக்கு இல்லாமலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களையும் பாருங்கள். தயவுசெய்து எதையும் ஊட்டாதீர்கள், பொலித்தீன் பைகளைக் கீழே போடாதீர்கள்.

மட்டக்குளி: ஊருக்குப் போய் வரும்போது மான் வத்தல் கிடைக்கிறது. வாங்கினால் என்ன?

வாங்காதீர்கள். அது சட்டவிரோதம். அதைவிட, அந்த இறைச்சி எப்படி வருகிறது என்று யோசியுங்கள். கட்டுத்துவக்கு (கட்டிய கம்பியில் கால் பட்டால் தானே வெடிப்பது), கம்பிக் கண்ணி. அவற்றுக்கு மான் என்றும் பிள்ளை என்றும் தெரியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு அரிய கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கி, சில நாட்களில் செத்தது. யார் வாங்குகிறார்களோ அவர்களுக்காகத்தான் கண்ணி வைக்கிறார்கள்.

கொள்ளுப்பிட்டி: மெல்பேர்னில் இருக்கும் மச்சான் மரை வேட்டைக்குக் கூப்பிடுகிறார். அங்கே எப்படி மரை?

இது எனக்கு மிகவும் பிடித்த கதை. விக்டோரியா மாநிலக் காடுகளில் இருக்கும் மரைகளின் முன்னோரில் ஒரு பகுதி 1860களில் இலங்கையிலிருந்து கப்பலில் போனவை. நியூசிலாந்துக்கும் 1870களில் இங்கிருந்தே மரை போனது. நம் மலைகளில் காப்பாற்ற வேண்டிய அதே விலங்கு, அங்கே அந்நாட்டுக் காட்டை அழிக்கும் அந்நிய விலங்கு. விக்டோரியாவில் தேடி நடந்து மரை சுட வருடம் முழுவதும் அனுமதி உண்டு, ஆனால் வேட்டை லைசன்ஸ் கட்டாயம். மரைக்குக் குறைந்தது .270 அளவு (குழல் விட்டம், அங்குலத்தில்) ரைபிள் வேண்டும் என்பதும் விதி. மச்சானிடம் எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளவத்தை: கிளே என்றால் களிமண்ணா? ட்ராப், ஸ்கீட் என்ன வித்தியாசம்?

பெயர்தான் களிமண். உண்மையில் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து அச்சில் வார்த்த தட்டு, 110 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 105 கிராம். ஒரு காலத்தில் உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள், 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அது நடந்தது. தட்டு வந்தது எவ்வளவு நல்லது!

ட்ராப்பில் தட்டு நமக்கு முன்னால் 15 மீட்டர் தள்ளி, பள்ளத்துக்குள் இருக்கும் எந்திரத்திலிருந்து நம்மை விட்டு விலகிப் பறக்கும். எந்தக் கோணம் என்று முன்கூட்டியே தெரியாது. ஒலிம்பிக் முறையில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தகுதிச் சுற்றில் மொத்தம் 125. ஸ்கீட்டில் தட்டை எறியும் கூடுகள் இரண்டு, ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. எட்டு இடங்களில் நின்று குறுக்கே பறப்பதைச் சுட வேண்டும். பாதை தெரியும், ஆனால் நாம் குரல் கொடுத்துக் கூப்பிட்ட பின் தட்டு உடனே வரலாம், மூன்று விநாடி வரை தாமதித்தும் வரலாம். அதுவரை துவக்கின் அடி இடுப்பருகே இருக்க வேண்டும். எனக்கு ஸ்கீட்தான் பிடிக்கும், அந்தக் காத்திருப்பில் மான் வேட்டையின் வாசனை இருக்கிறது.

அதே நண்பர்: தட்டைச் சரியாகக் குறி பார்த்தும் ஏன் தவறுகிறது?

தட்டைக் குறி பார்ப்பதால்தான்! முப்பது மீட்டர் போகச் சன்னங்களுக்கு ஏறக்குறைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் குறுக்கே போகும் தட்டு அதற்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே தட்டு இருக்கும் இடத்தை அல்ல, அது போகப்போகும் இடத்தைச் சுட வேண்டும். கண் தட்டின் மேல், கை அதற்கு முன்னால். விசையை இழுத்த பிறகும் வீச்சை நிறுத்தாதீர்கள். புதிதாக வருபவர்களில் பலர் சுடும் நொடியில் துவக்கை நிறுத்திவிடுவார்கள், சன்னம் தட்டுக்குப் பின்னால் போய்விடும்.

கல்கிசையிலிருந்து ஒரு அக்கா: நாற்பது வயதுப் பெண் பழகலாமா?

கட்டாயம் பழகலாம், அக்கா. 1992 பார்சிலோனாவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட்டில் தங்கம் வென்றவர் சீனாவின் ஷாங் ஷான் என்ற பெண்தான். துவக்கு உங்கள் உடலுக்குப் பொருந்த வேண்டும், அது மட்டும் முக்கியம். தோளில் வைக்கும் அடிக்கட்டை நீளமாக இருந்தால் தோள் நோகும், பிறகு பயம் வரும்.

கிராண்ட்பாஸ்: இதில் தமிழர் யாராவது இருக்கிறார்களா?

புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ட்ராப் அணியோடு தங்கம், பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக். அவர் சுடும் காணொளிகளைப் பார்த்து, தலை அடிக்கட்டையில் ஒட்டியபடியே இருப்பதைக் கவனியுங்கள்.

வெள்ளவத்தைத் தம்பி: கொழும்பில் எங்கே தொடங்குவது?

முதலில் தேசிய துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தோடு இணைந்த கழகம் ஒன்றில், காற்றழுத்தத்தால் சுடும் எயார் ரைபிளில் தொடங்குங்கள். நம் நாட்டு தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக் வரை போனது பத்து மீட்டர் எயார் ரைபிளில்தான். சுயமாகத் துவக்கு வாங்க ஓடாதீர்கள், அனுமதி விஷயம் எல்லாம் கழகம் சொல்லித் தரும்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்தில் உள்ள மின்விளக்கை விரலால் காட்டுங்கள். பிறகு இடக்கண்ணை மூடுங்கள். விரல் விளக்கிலேயே நின்றால் உங்களுக்கு வலக்கண் ஆதிக்கம், விலகினால் இடக்கண். வலக்கையால் சுடும் ஒருவருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால், அதை முதல் நாளே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமல் எட்டு மாதம் தட்டுகளுக்குப் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தேன்.