அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு எந்த விடுப்பு போடுவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். தலைமை ஆசிரியரும் நானும் மட்டுமே. அடுத்த மாதம் மதுரையில் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஒரு திங்கட்கிழமை தொடங்கி 10 வேலை நாள் கூடவே இருக்க வேண்டும். சி.எல். (தற்செயல் விடுப்பு) 3 நாளும் ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) 41 நாளும் இருக்கின்றன. "ஈ.எல்.லைத் தொடாதே, அது காசு. 15 நாள் எம்.எல். (மருத்துவ விடுப்பு) போடு, சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: ஈட்டிய விடுப்பே போடுங்கள், டீச்சர். மருத்துவ விடுப்பு உங்கள் உடம்புக்குத்தான், அம்மாவின் முழங்காலுக்கு இல்லை. உங்களுக்கு வராத காய்ச்சலை வந்ததாக எழுதிக் கொடுத்தால், அந்தப் பொய் உங்கள் பணிப்பதிவேட்டில் ஓய்வு பெறும் நாள் வரை இருக்கும்.

சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருபவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பல வருடம் விடுப்புக் கோப்பு பார்த்தவன் நான். ஒருமுறை ஒரே பள்ளியின் இரண்டு ஆசிரியர்கள் ஆறு மாத இடைவெளியில் கொடுத்த சான்றுகள் என் மேசைக்கு வந்தன. ஒரே டாக்டர், ஒரே கையெழுத்து, அடுத்தடுத்த வரிசை எண். ஆறு மாதமாக அந்த டாக்டர் வேறு யாருக்குமே சான்று எழுதவில்லையா? விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. வாங்கிக் கொடுத்த தரகர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. மாட்டிக்கொண்டது ஆசிரியர்கள்தான். எம்.எல். முடிந்து சேரும்போது உடல் தகுதிச் சான்றும் வேண்டும். விற்கிறவர் இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதிக் கொடுத்துவிடுவார். அலுவலகத்துக்கும் கண் இருக்கிறது.

"ஈ.எல். காசு" என்பதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 17 நாள்தான் ஈ.எல். எடுக்காத நாட்களைச் சரண்டர் செய்து, அதாவது அரசிடம் திருப்பிக் கொடுத்து, பணம் பெறும் சலுகை 2020-இல் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபரில் திரும்ப வந்தது. ஓய்வு பெறும்போது 240 நாள் வரை பணமாக்கலாம். எம்.எல்.லுக்கு இப்படிக் காசு கிடையாது. ஒரு விடுப்புக்கு விலை வைத்துவிட்டு இன்னொன்றைச் சும்மா விட்டால், நேர்மையான காரணம் இருப்பவரும் நோயாளி வேஷம் போடத்தான் தோன்றும். 12 நாள் வேண்டியவர் "எம்.எல்.தானே" என்று 20 நாள் போடுகிறார். இந்தக் கணக்கை அரசு சரி செய்யாத வரை ஆசிரியரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017-இல் ஆறு மாநிலங்களில் செய்த ஆய்வில், பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 சதவீதம். காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். மற்றவர்கள் விடுப்பிலோ அரசு வேலையிலோ இருந்தார்கள்.

அடுத்து, எல்லோரும் தடுக்கி விழும் இடம். முதல் 3 நாள் சி.எல்., அப்புறம் ஈ.எல். என்று போடலாம் என நினைப்பீர்கள். சி.எல்.லை வேறு எந்த விடுப்போடும் ஒட்ட முடியாது. திங்கள் முதல் அடுத்த வாரம் வெள்ளி வரை போட்டால், நடுவில் வரும் சனி, ஞாயிறும் சேர்ந்து 12 நாள் ஈ.எல். முன்னால் வரும் சனி ஞாயிறுக்கும் பின்னால் வரும் சனி ஞாயிறுக்கும் முன் இணைப்பு, பின் இணைப்பு அனுமதியை, அதாவது அந்த விடுமுறை நாட்களை விடுப்போடு ஒட்டிக்கொள்ளும் அனுமதியை, விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அந்த நான்கு நாளும் ஈ.எல்.லில் கழியாது. ஆனால் "அட்மிஷன் போட வேண்டும்" என்று முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு சி.எல். எடுத்தீர்களோ, அந்த வெள்ளியும் ஈ.எல். ஆகும், சனி ஞாயிறும் உள்ளே வந்துவிடும். 12 நாள் 15 ஆகிவிடும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போடுங்கள். அட்மிஷன் வேலையைத் தம்பியோ தங்கையோ பார்க்கட்டும். இங்கே சி.எல்.லை மறந்துவிடுங்கள், ஆனால் டிசம்பர் 31-ஐத் தாண்டினால் அது காலாவதி என்பது நினைவிருக்கட்டும்.

வராத நாளில் தேதி போட்டுக் காட்டுவதற்காக, தேதி போடாத சி.எல். கடிதம் ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வைக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், இன்றைக்கே திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள். திடீர் ஆய்வில் அந்தக் கடிதம் இரண்டு பேரையும் மாட்டிவிடும்.

களஞ்சியம் என்ற அரசு ஊழியர் செயலியில் விண்ணப்பித்ததோடு விடாதீர்கள். அறுவை சிகிச்சைத் தேதி போட்ட மருத்துவமனைச் சீட்டின் நகலை வைத்து, வட்டாரக் கல்வி அலுவலரிடம் நேரில் ஒரு கடிதம் கொடுங்கள். நீங்கள் இல்லாத 10 நாளும் உங்கள் தலைமை ஆசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பும்படி அதே கடிதத்தில், தேதிகளோடு கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் தானாக அனுப்ப மாட்டார்கள். ஈராசிரியர் பள்ளிகளுக்கென்று மாற்று ஆசிரியரை நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசினாலும், "பார்க்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு பதில் வந்ததில்லை. கடிதத்துக்குப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி, நகலைப் பள்ளிக் கோப்பில் வைத்துவிட்டு மதுரைக்குக் கிளம்புங்கள்.