பால்கனித் தொட்டியில் விதை போட்டுச் சூரியகாந்தி வளர்க்க முடியுமா?

முடியும். முதல் முறையாகச் செடி வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வதே சூரியகாந்திதான். விதை பெரிது, ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், இரண்டு மாதத்தில் பூ. ரோஜா மாதிரி கவாத்து, மருந்து என்று உயிரை வாங்காது.

நீங்கள் கேட்டது மூன்று. அபார்ட்மென்ட் பால்கனியில் வருமா, குழித்தட்டில் நாற்று விட்டு மாற்றி நடலாமா, எந்த விதை வாங்குவது. இது இடம் மாறுவதை விரும்பாத செடி. அதனால் விதை வாங்கும் முன்பே தொட்டி எங்கே நிற்கப் போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். மொட்டை மாடி என்றால் கவலையே இல்லை. கிழக்குப் பால்கனியில், எதிரே கட்டடம் மறைக்காவிட்டால், குட்டை ரகங்கள் காலை வெயிலிலேயே வந்துவிடும். தெற்குப் பால்கனிக்காரர்கள் மாதத்தையும் பார்க்க வேண்டும். சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை சென்னைப் பக்கம் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலேயோ கொஞ்சம் வடக்கேயோ இருக்கும். மேல் மாடித் தளத்தின் நிழலில் தெற்குப் பால்கனிக்கு நேர் வெயிலே கிடைக்காது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வெயில் வீட்டுக்குள் வரை வரும். ஆகவே மழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழியில் விதையுங்கள். இறவையில், அதாவது தண்ணீர் பாய்ச்சி, சூரியகாந்தி போடும் விவசாயிகளுக்கும் மார்கழிப் பட்டம் (விதைப்புப் பருவம்) உண்டு. வடக்குப் பால்கனியா? மணி பிளான்ட் வைத்துக்கொள்ளுங்கள், இது வேண்டாம்.

விதை விஷயம். ‘ரஷ்யன் மம்மத்’ போன்றவை எட்டுப் பத்து அடி போகும். பால்கனியில் கட்டி மேய்க்க முடியாது. ‘டெடி பேர்’, ‘சன்ஸ்பாட்’ மாதிரி இரண்டு மூன்று அடியில் நிற்கும் ரகமாகப் பாருங்கள். பறவைத் தீவனமாக விற்கும் தோலோடு கூடிய விதையும் பெரும்பாலும் முளைக்கும், ஆனால் அது எண்ணெய் ரகம்; உயரமாகப் போய் உச்சியில் ஒரே ஒரு பூ வைக்கும். மளிகைக் கடையில் தோல் நீக்கி வறுத்து விற்பது தின்பதற்கு மட்டும்தான்.

குட்டை ரகத்துக்கு 12 அங்குல அகலமும் ஆழமும் உள்ள தொட்டி அல்லது க்ரோ பேக் போதும். ஒன்றில் ஒரு செடி. செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சம பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். யூரியா பக்கம் போக வேண்டாம். இலை தழைக்கும், பூ தள்ளிப்போகும்.

நாற்று விட வேண்டாம். சூரியகாந்திக்கு ஆணிவேர், குழித்தட்டில் அது சுருண்டுவிட்டால் செடி குன்றிப்போகும். நேராகத் தொட்டியிலேயே ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பக்கத்து வேர் அசையாது. முட்டுக்கொடுக்கும் மூங்கில் குச்சியையும் விதைக்கும் அன்றே ஊன்றிவிடுவது நல்லது. முளை வெளியே வந்து இரண்டு ஜோடி இலை விடும் வரை மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். அணிலுக்கு நீங்கள் எங்கே விதைத்தீர்கள் என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இனி திசை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இளஞ்செடி காலையில் கிழக்கே பார்த்து, மாலைக்குள் மேற்கே திரும்பி, இரவில் மறுபடி கிழக்கே வந்து நிற்கும். பூ முற்றியதும் இந்த ஆட்டம் நின்று, கிழக்குப் பார்த்தபடியே தங்கிவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். கிழக்குப் பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறுவதால், மேற்கே திருப்பி வைத்த பூவைவிட ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தனவாம். நமக்கு வேண்டியது அதே ஆய்வின் இன்னொரு பகுதி: வளரும் செடிகளின் தொட்டியைத் தினமும் திருப்பி வைத்துக் குழப்பியபோது இலைப்பரப்பும் எடையும் சுமார் 10 சதவீதம் குறைந்தன. எனவே ‘எல்லாப் பக்கமும் வெயில் படட்டும்’ என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வைக்காதீர்கள்.

இதில் ஒரு சங்கடம். கிழக்குப் பால்கனியில் பூ தெருவைப் பார்த்து மலரும். தண்ணீர் ஊற்றிய உங்களுக்குப் பூவின் முதுகுதான், எதிர் வீட்டுக்காரருக்கு முகம். பூ முழுசாக விரிந்து தண்டு விறைத்த பிறகு தொட்டியை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அப்போது அது திரும்பிப் போகாது. மொட்டை மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

விதையும் வேண்டுமென்றால் ‘டெடி பேர்’ வேண்டாம், அடுக்குப் பூவில் விதை குறைவு. மற்ற ரகமாக இரண்டு செடி வையுங்கள். தேனீ வராத அடுக்குமாடியில், காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு பூவின் முகத்தை இன்னொன்றோடு மெல்லத் தேய்த்துவிடலாம். வயலில் மஸ்லின் துணியால் ஒற்றி எடுப்பதும் இதற்காகத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் உள்ளே பருப்பில்லாத பொக்கு விதை குறையும். கிளிகள் முந்திக்கொள்ளும், அதனால் இதழ் உதிர்ந்ததும் கொசுவலைத் துணியால் பூவை மூடிக் கட்டுங்கள். பூவின் பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளானதும் அறுத்துக் காயவைக்கலாம். எடுத்த கையோடு விதைத்தால் சரியாக முளைக்காது, ஒன்றரை மாதமாவது உறங்கவிட வேண்டும். பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. புது விதையே வாங்கிக்கொள்ளுங்கள்.