பாதி விலைக் கார் உழைக்குமா?

கேள்வி: "பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ்1 மின்சாரக் கார் வாங்குங்க அப்பச்சி" என்கிறான் சென்னையில் இருக்கும் மகன். அதில் பாதி விலைக்கே பிஒய்டி அட்டோ 3 கிடைக்கிறது. சீன வண்டி உழைக்குமா? ஐரோப்பாக்காரர்களே அதற்குக் கூடுதல் வரி போட்டிருக்கிறார்கள். தரம் சரியில்லை என்றுதானே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இல்லை ஐயா. 2024 அக்டோபரில் வந்த அந்த வரிக்குக் காரணம், சீன அரசு தன் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் மானியம். ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, எம்ஜி கார்களின் சீனத் தாய்க் கம்பெனிக்கு 35.3 என்று போட்டார்கள். தரம் வேறு விஷயம். வண்டியை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப், இதே அட்டோ 3-க்கு 2022-ல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

அப்புறம் ஏன் மலிவு? மின்சாரக் காரில் விலை கூடின பொருள் பேட்டரிதான். 1995-ல் பேட்டரிக் கம்பெனியாகத் தொடங்கிய பிஒய்டி அதைத் தானே செய்துகொள்கிறது. அதுவும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நிக்கல், கோபால்ட் கிடையாது. செலவு குறைவு, சூடும் தாங்கும். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் நிக்கல் வகை. அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும். ஆனால் தினமும் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துவது அதற்கு நல்லது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் தெருவில் நிற்கப்போகும் வண்டிக்கு என் ஓட்டு பாஸ்பேட்டுக்குத்தான். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி, வள்ளல் அழகப்பர் இடம் கொடுத்த நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலேயே (செக்ரி) நடக்கிறது என்பது எனக்குத் தனிப் பெருமை.

பி.எம்.டபிள்யூவுக்குக் கொடுக்கிற காசு வீண் என்று சொல்லமாட்டேன். இரண்டையும் திருச்சி சாலையில் ஓட்டியிருக்கிறேன். நூறுக்கு மேல் போகும்போது ஸ்டியரிங் கைக்கு அடங்கி நிற்பதும், பள்ளத்தில் இறங்கினால் பின்சீட்டில் குலுங்காததும் அதில்தான். மாதம் நாலு தடவை சென்னை போய்வருபவருக்கு அது பெரிய சுகம். காரைக்குடி, பிள்ளையார்பட்டி, எப்போதாவது மதுரை என்றால் அட்டோ 3 தாராளம். 2024-ல் அதன் ஆரம்ப விலை 24.99 லட்சம், ஐஎக்ஸ்1 2025 ஜனவரியில் வந்தது 49 லட்சத்துக்கு. இரண்டுக்குமே பேட்டரி உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்.

எதை எடுத்தாலும் சர்வீஸ் எந்த ஊரில், ஒரு முன்விளக்கு உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்று எழுதி வாங்குங்கள். என் பட்டறைக்கு வரும் ஒருவரின் விலை உயர்ந்த வண்டி, ஒரு விளக்குக்காக மாதக்கணக்கில் நின்றது.

அதைவிட முக்கியம் உங்கள் வீட்டு எர்த். நம் பழைய வீடுகளில் பல இடத்தில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். அது சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். காரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்தெருப் பக்கம் கார் நிற்கும் இடத்தில் புதிதாக எர்த் குழி போட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து தனி கேபிள் இழுக்கச் சொல்லுங்கள். வளவு (வீட்டு உள்முற்றம்) வழியாக நீட்டிப்பு ஒயர் இழுத்துச் சார்ஜ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒயர் சூடேறினால் மேலே இருப்பது பர்மா தேக்கு.