மாடி அறையில் வில்லுப்பாட்டு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில், 10-க்கு 12 அடி அறையில், சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எனக்குப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடுகிறவர். எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய சுடலைமாடன் கதையைப் பதிவுசெய்ய அழைத்துவந்தேன். ஹெட்போனில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) கொடுத்து முதலில் குரலை மட்டும் எடுத்தேன். குடம், உடுக்கையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ஆனால் பெரியப்பாவுக்குப் பாட்டே ஓடவில்லை, வரிகளை மறந்தார். தாளமும் சுருதியும் நிற்கவில்லை. மென்பொருளில் சரிசெய்துவிடலாமா? சுவருக்கு ஃபோம் போதுமா? யூட்யூபில் போட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பெரியப்பா வரிகளை மறந்தது வயதால் என்று எனக்குத் தோன்றவில்லை. வில்லுப்பாட்டில் கதை பாடுகிறவரேதான் இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து வில்லை அடிக்கிறார். அடி விழும், மணி குலுங்கும், அதிலிருந்து அடுத்த வரி வாய்க்கு வரும். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிற நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார். நீங்கள் வில்லையும் எடுத்துவிட்டீர்கள், ஆமா போடுகிற ஆளையும் எடுத்துவிட்டீர்கள். காதில் ஒரு கிளிக்கை மாட்டினால் யாருக்குப் பாட்டு வரும்?

குழு மொத்தத்தையும் கூப்பிடுங்கள். மேடையில் எப்படி உட்காருவார்களோ அப்படியே தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காரட்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும். ஹெட்போன் வேண்டாம். ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி கலக்கும், கலக்கட்டும்.

வேகம் நிற்கவில்லை என்கிறீர்கள். சாமி வருகிற கட்டம் நெருங்க நெருங்க வேகம் ஏறத்தான் வேண்டும். அதை ஒரே அளவுக்கு இழுத்து நிறுத்தினால் கேட்கிறவனுக்கு உடம்பில் ஒன்றும் நடக்காது. சுருதியைத் திருத்தும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தி அழுத்தித்தானே ஒலியை ஏற்றி இறக்குகிறார்கள்? அந்த மென்பொருளுக்கு அதுவும் பிழையாகத்தான் தெரியும்.

ஃபோம் விஷயம். ஓர் அங்குல ஃபோம் கீச்சென்ற மேல் ஒலிகளை மட்டும்தான் உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் போன்ற கீழ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர்; மெல்லிய ஃபோமுக்கு அது கட்டுப்படாது. சுவர் முழுக்க ஒட்டினால் ஜால்ராவும் மணியும் மங்கிப்போய், குடத்தின் முழக்கம் மட்டும் மூலைகளில் தங்கிவிடும். பத்தமடைப் பாயைத் தொங்கவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பார்க்க அழகுதான், ஒலிக்கு அதில் கனம் போதாது. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் நம் வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை மூலைகளில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். வில்லை அறையின் நட்டநடுவில் வைக்காதீர்கள்.

குழுவுக்கு எதிரே இரண்டு கண்டென்சர் மைக் ஜோடியாக; பெரியப்பாவின் வாய்க்குச் சற்றுக் கீழே, வீசுகோல் தட்டாத தூரத்தில், ஒரு டைனமிக் மைக். இவ்வளவு போதும். குடம் தூக்கலாகக் கேட்டால் ஜோடியை நகர்த்திப் பாருங்கள், ஈக்யூவை (மேல் ஒலி, கீழ் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அப்புறம் தொடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். உச்சக்கட்டத்தை முதலில் பாடச் சொல்லி, அது அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள். தொடக்கத்தில் ஒலி சன்னமாக இருந்தாலும் 24 பிட்டில் கெடாது. மூன்று மைக்கின் மூன்று தடத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.5 ஜிபிதான் ஆகும். அதனால் நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள், ஓட விடுங்கள். இரவில் வையுங்கள்: விடிய விடியக் கொடை பாடிய குரல் அது, காலை பத்து மணிக்குத் திறக்காது. பஸ் ஹாரனும் அடங்கியிருக்கும். மின்விசிறியை அணைத்தாக வேண்டும்; அரை மணிக்கு ஒருதரம் கதவைத் திறந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுங்கள்.

இந்த நெல்லை மண்ணில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை வானொலிக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீயும் வந்தது. வானொலிக்கு நேரக் கணக்கு உண்டு. உங்கள் மாடி அறைக்கு அது கிடையாது. கொடையில் பாடுகிற நீளத்துக்கே எடுக்கலாம் என்பது பெரிய வசதி. அதை விட்டுவிடாதீர்கள்.

அனுமதியைப் பற்றி நீங்களாகவே கேட்டது எனக்கு மிகுந்த சந்தோஷம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. கதை எவ்வளவு பழையதாக இருந்தாலும் அன்று பாடிய பாட்டு பாடியவருடையது. குடம் அடித்தவருக்கும் ஜால்ரா போட்டவருக்கும் அதே உரிமை உண்டு. ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். யூட்யூபில் பணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதும் அதில் இருக்கட்டும். அன்றைய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். கொடைக்கு வாங்குவதைவிடக் குறைவாகக் கொடுக்காதீர்கள்.

சாமியை அழைக்கும் பாட்டுக்கு மட்டும் சட்டம் போதாது. கோயிலுக்கு வெளியே அதைப் பாடலாமா, பாடினால் ஊருக்கெல்லாம் கேட்க விடலாமா என்று பெரியப்பாவிடமும் கோயில்காரர்களிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த இடத்தில் பதிவை நிறுத்திவிடுங்கள். எடுத்துவைத்துக்கொண்டு போடாமல் இருக்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கதை, தேதி, பாடியவர்கள் அத்தனை பேரின் பெயரும் ஊரும் எழுதுங்கள். ஒரு பிரதி பெரியப்பா வீட்டில் இருக்கட்டும், அவர் போனில் கேட்கிற மாதிரி.

அன்புடன்,
அண்ணாச்சி